மேடம் இல்லாத குரூப்

எந்தக் கல்லூரி வகுப்பை எடுத்தாலும் அதற்கு இரண்டு வாட்ஸப் குரூப் இருக்கும். ஒன்றில் ஆசிரியர் இருப்பார். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி, நாளைக்கு ஐந்தாவது பீரியட் உண்டா இல்லையா, "ஓகே மேடம்", "நன்றி மேடம்", வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். அவ்வளவுதான் அதில் நடக்கும். இன்னொன்றில் ஆசிரியர் இருக்க மாட்டார். சண்டை, சமாதானம், பிறந்தநாள், எவன் எந்த பஸ்ஸைத் தவறவிட்டான், எந்த மேடம் இன்றைக்கு எந்தப் புடவையில் வந்தார் என்பது வரை எல்லாம் அங்கேதான். அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

எழுத்துப் பயிற்சி வகுப்பில் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தலாமா என்று ஆசிரியர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாவது குரூப் நினைவுக்கு வரும். அதைத் தொடங்கிய அன்றைக்கே மாணவர்கள் தங்கள் பதிலில் பாதியைச் சொல்லிவிட்டார்கள்.

நான் கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். முதலாண்டு, இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பொதுத்தமிழ் எடுக்கிறேன். வணிகவியல், கணிதம், கணினி அறிவியல் என்று எல்லாத் துறைப் பிள்ளைகளும் என் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். தமிழை விரும்பி எடுத்தவர்கள் யாரும் இல்லை. பாடத்திட்டத்தில் இருக்கிறது, வருகிறார்கள். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள், முதுநகரிலிருந்தும் தேவனாம்பட்டினத்திலிருந்தும் சைக்கிளில் வருபவர்கள், எல்லை தாண்டிப் பாகூர்ப் பக்கமிருந்து வருபவர்கள். இந்தக் கலவையை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும். "இன்றைய இளைஞர்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிற கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஒரு துறைக் கூட்டத்தில் யோசனை ஒன்று வந்தது. படைப்பெழுத்துப் பயிற்சியை இன்ஸ்டாகிராமுக்குக் கொண்டுபோய்விடலாம். ஒவ்வொரு மாணவரும் தன் சொந்த அக்கவுண்டில் மாதம் ஒரு பதிவு போட வேண்டும். கவிதையோ, குட்டிக்கதையோ, ஊர்ப் பெருமையோ, எதுவானாலும் சரி. கூடவே கல்லூரி பேரில் ஒரு ஹேஷ்டேக். அதைப் பார்த்து 25 மதிப்பெண் இன்டர்னலில் ஒரு பங்கு. "பசங்க எப்பப் பார்த்தாலும் அதுலதான கிடக்கறாங்க, அங்கயே எழுதட்டுமே" என்றார் மூத்தவர் ஒருவர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கல்லூரியைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது காட்டவும் ஆகும் என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் தலையாட்டினோம்.

நடைமுறைக்கு வருவதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஆளுக்கு ஒரு அரைத் தாள் கொடுத்தேன். பேர் போட வேண்டாம், இது நல்ல யோசனையா இல்லையா, ஏன், அவ்வளவு மட்டும் எழுதுங்கள் என்றேன். கூகுள் ஃபார்ம் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அதில் மின்னஞ்சல் பதிவாகும் என்று ஒரு பேச்சு அவர்களுக்குள் உண்டு. ஃபார்மில் யாரும் உண்மை சொல்வதில்லை. தாளை நான்காக மடித்துக் கொடுத்தார்கள், ஓட்டுச்சீட்டு மாதிரி.

"சூப்பர் ஐடியா மேடம்" என்று எழுதியவர்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். காரணங்கள்தான் படிக்கப் படிக்கச் சுவாரசியமாக இருந்தன.

"என் ஐடியில எங்க மாமா இருக்காரு. நான் கவிதை எழுதுவேன்னு அவருக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்."

"இன்ஸ்டா ஜாலிக்கு. அதுலயும் மார்க் போட்டா அப்புறம் ஜாலிக்கு நாங்க எங்க போறது?"

"லைக் வரலைன்னா அசிங்கம். நோட்ல எழுதுனா எத்தனை பேர் படிக்கலைன்னு யாருக்கும் தெரியாது."

"தப்பா எழுதுனா ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஓட்டுவாங்க. ற, ர எனக்கு வராது."

"போன் அண்ணனோடது."

ஒரு தாளில் ஒரே ஒரு கேள்வி மட்டும் இருந்தது: "நீங்க எங்க ஸ்டோரி எல்லாம் பாப்பீங்களா?"

அந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் யோசித்தேன். எழுதுவது பிரச்சினை இல்லை. இன்ஸ்டாகிராமும் பிரச்சினை இல்லை. நான் அங்கே வருவதுதான் பிரச்சினை. கல்யாண வீட்டு மொட்டை மாடியில் பிள்ளைகள் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது பெரியப்பா மேலே ஏறி வந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். அவர் நல்லவர்தான், யாரையும் திட்டவும் மாட்டார். ஆனாலும் பேச்சு நின்றுவிடும். "என்னப்பா, பேசுங்க, பேசுங்க" என்று அவர் சொன்னால் இன்னும் மோசம்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் கூச்சம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இங்கிலாந்தில் நீல் செல்வின் என்ற கல்வி ஆய்வாளர் ஒரு பல்கலைக்கழகத்தின் 909 மாணவர்களுடைய ஃபேஸ்புக் பக்கங்களை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். படிப்பு சம்பந்தமாக அவர்கள் எழுதியது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்திலும் பல, வகுப்பு எங்கே, அசைன்மென்ட் எப்போது, அந்த வாத்தியார் அறுவை, எனக்கு ஒன்றுமே புரியவில்லை, நான் தேற மாட்டேன் என்கிற ரகம். மாணவராக இருப்பதன் கஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ள அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது, அதைக் கல்வி நிறுவனம் தன் வசம் எடுத்துக்கொள்ள முயல வேண்டாம் என்கிற முடிவுக்கு அவர் வந்தார். அது ஃபேஸ்புக் காலம். இன்றைக்கு என் மாணவர்களுக்கு ஃபேஸ்புக் என்றால் அப்பா, சித்தப்பா இருக்கிற இடம். ஊடகம் மாறியிருக்கிறது, கதவு மட்டும் அதே பக்கமாகத்தான் சாத்தியிருக்கிறது.

இன்னொன்றும் கேட்டுப் பார்த்தேன். "போன வாரம் என்னென்ன எழுதுனீங்க? ஒண்ணு விடாம எழுதுங்க" என்றேன். ரெக்கார்டு நோட், அசைன்மென்ட், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் என்று எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் "டைரி" என்று எழுதி அடித்திருந்தாள். தினமும் நூற்றுக்கணக்கில் அனுப்பும் மெசேஜை, ஸ்டேட்டஸை, ரீல்ஸுக்குக் கீழே போடும் இரண்டு வரியை, ஒருவர்கூடக் கணக்கில் சேர்க்கவில்லை. "அதெல்லாம் எழுதறதா மேடம்? டைப் பண்றது" என்றான் ஒருவன்.

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் இதே மாதிரி கேட்டு 2008இல் அறிக்கை வெளியிட்டது. தாங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியையும் மின்னஞ்சலையும் எழுத்து என்று நினைக்கவில்லை என 60 சதவீதம் பேர் சொல்லியிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டு 2001இல் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். 189 மாணவர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து, அவர்கள் எழுதியது எதுவானாலும் சேகரித்தார். கட்டுரை, மின்னஞ்சல், வலைப்பதிவு, நாடகம், அரட்டை என 15,000க்குப் பக்கமாகச் சேர்ந்தது. அதில் 38 சதவீதம் வகுப்புக்கு வெளியே, யாரும் கேட்காமல் எழுதியது. செல்போன் சுருக்கெழுத்து தேர்வுத்தாளுக்குள் நுழைந்து மொழியைக் கெடுத்துவிடும் என்று அப்போது ஒரு பெரிய கவலை இருந்ததே, அது அவர் பார்த்த கட்டுரைகளில் தென்படவே இல்லை. யாருக்கு எப்படி எழுத வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

இங்கும் அதுதான். என் மாணவர்கள் விடைத்தாளில் ஒற்றுப்பிழை விடுவார்கள், ல ள ழ குழப்புவார்கள். ஆனால் "என்ன மச்சி" என்று எவனும் எழுதிவிடவில்லை.

நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று நான் மேலே சொன்ன ஆய்வுகளில் கிடைக்காது. எங்கள் பிள்ளைகள் போனில் பேசுவது தமிழ், அடிப்பது ஆங்கில எழுத்து. சாப்பிட்டாயா என்பதையும், பஸ் வந்துவிட்டதா என்பதையும், காதலையும், கெட்ட வார்த்தையையும் ஆங்கில எழுத்திலேயே அடிக்கிறார்கள். தமிழ் எழுத்து எப்போது வருகிறது என்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். கல்யாண அழைப்பிதழ், மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, கோயில் கும்பாபிஷேகம், கட்சித் தலைவர் பிறந்தநாள். அப்புறம் எனக்கு விடுப்பு கேட்டு அனுப்பும் மெசேஜ். "மதிப்பிற்குரிய அம்மா, உடல்நிலை சரியில்லாத காரணத்தினால்" என்று தமிழில் ஒரு மெசேஜ் வந்தால், அது குரல் தட்டச்சில் சொல்லி, இரண்டு முறை சரிபார்த்து அனுப்பியது. "லீவு வேணும் மேம், ஃபீவர்" என்று ஆங்கில எழுத்தில் வந்தால் உண்மையாகவே காய்ச்சல்.

அதாவது தமிழ் எழுத்து அவர்களுக்கு வேட்டி மாதிரி ஆகிவிட்டிருக்கிறது என்று சொல்ல வந்தேன், வேண்டாம், மேலே ஒரு கல்யாண வீடு ஏற்கெனவே வந்துவிட்டது. சமூக ஊடகத்தில் எழுதச் சொன்னால் தமிழ் தானாக வளர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. தன் அக்கவுண்டில் தமிழ் எழுத்தில் ஒரு பத்தி போட்டால் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்னடா, யாரு செத்துட்டாங்க?"

சரி, மாமா விஷயத்துக்கு வருகிறேன். பெண் பிள்ளைகளின் தாள்களில் மாமா, அண்ணன், சித்தப்பா பையன், "எங்க தெரு பசங்க" என்று ஒரு பெரிய பட்டாளமே இருந்தது. பலருக்கும் இரண்டு அக்கவுண்ட். வீட்டுக்குத் தெரிந்தது ஒன்று. அதில் பூ, கோயில், கோலம், கடற்கரைச் சூரியன். தெரியாதது இன்னொன்று, பத்துப் பதினைந்து தோழிகள் மட்டும், முகம் இல்லாத படம், பேர் இல்லாத பேர். சொந்த அக்கவுண்டில் பதிவு போடு என்று கல்லூரி சொன்னால் எந்த அக்கவுண்ட்? முதலாவதில் போட்டால் எழுத முடியாது. இரண்டாவதில் போட்டால் அது ஊருக்குத் தெரிந்துவிடும். இந்தச் சங்கடத்தை ஆலிஸ் மார்விக், டானா பாய்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் ட்விட்டரை வைத்து விளக்கியிருக்கிறார்கள். நேர்வாழ்வில் அம்மாவிடம் ஒரு பேச்சு, தோழியிடம் ஒரு பேச்சு, முதலாளியிடம் ஒரு பேச்சு என்று பிரித்துப் பேசுகிறோம். சமூக ஊடகத்தில் அத்தனை பேரும் ஒரே கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே ஒருவர் எழுத வேண்டுமென்றால் அத்தனை பேருக்கும் பொதுவாக எதைச் சொல்ல முடியுமோ அதைத்தான் எழுத வேண்டிவரும். பூவும் சூரியனும் எப்படி வந்தன என்று இப்போது புரிகிறதா?

பையன்களுக்கு வேறு தொல்லை. கடலூர் மாவட்டத்தில் எந்த ஊர், எந்தத் தெரு என்று சொன்னாலே சாதி தெரிந்துவிடும். "எங்கள் ஊர்" என்று ஒரு பதிவு போட்டால் கீழே என்ன மாதிரி கமெண்ட் வரும் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பரோட்டா பகிர்ந்து தின்பவர்கள், ஒரு ரீல்ஸுக்குக் கீழே வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். இதைப் பற்றி ஒரே ஒரு தாளில்தான் எழுதியிருந்தது, அதுவும் பாதி வாக்கியம். அந்தப் பாதி போதும்.

இத்தனையும் சொன்னதால் சமூக ஊடகமே எழுத்து வகுப்புக்கு ஆகாது என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே என் மாணவர்கள் எழுதியதில் சில, என் வகுப்பில் எழுதிய எதையும்விட நன்றாக இருந்தன. எனக்கு அது தெரிய ஒரு புயல் வர வேண்டியிருந்தது.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை. கடலூரில் நாங்கள் அன்றிரவு தப்பித்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் மேற்கே பெய்த மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் கடைசியில் கடலுக்குப் போகிற இடம் எங்கள் ஊர்தான். ஆல்பேட்டை, குண்டு உப்பலவாடி, நாணமேடு, கண்டக்காடு எல்லாம் தண்ணீருக்குள் போயின.

கல்லூரி திறந்து கொஞ்ச நாள் கழித்து, விருப்பமிருப்பவர்கள் அந்த இரண்டு நாளில் தாங்கள் அனுப்பிய மெசேஜ்களில் ஒன்றைத் தாளில் எழுதிக் கொண்டுவரலாம் என்றேன். ஒரு பையன் கொண்டுவந்தது இது. அவன் ஆங்கில எழுத்தில் அடித்திருந்ததைத் தமிழில் தருகிறேன்: "ஆல்பேட்டை செக்போஸ்ட் கிட்ட ரோட்டுல முழங்கால் தண்ணி. பைக் போகாது. இப்ப மணி 6.10, நான் நின்னு பாக்கறேன். பாண்டி போறவங்க கெளம்பாதீங்க. ஆத்தா வீட்டுல இருக்கறவங்க மட்டும் என்னைக் கூப்பிடுங்க, போன்ல சார்ஜ் கம்மி."

இதில் எதை நீக்குவது? எங்கே, எவ்வளவு, எப்போது, யார் பார்த்தது, யார் என்ன செய்ய வேண்டும், யார் கூப்பிடலாம், ஏன் மற்றவர்கள் கூப்பிடக் கூடாது. நாலைந்து வரிக்குள் எல்லாம் இருக்கிறது. இதே பையன் முந்தைய செமஸ்டரில் "இயற்கைச் சீற்றங்கள்" என்ற தலைப்பில் எனக்கு எழுதிய கட்டுரையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முன்னுரை குறளில் தொடங்கியது. பொருளுரையில் புயல், வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி என்று துணைத்தலைப்புகள். முடிவுரையில் "இயற்கையைப் பேணுவோம், இன்புற்று வாழ்வோம்." நான் பத்துக்கு ஆறு போட்டிருந்தேன். அந்தக் கட்டுரையில் தண்ணீர் எங்கேயும் யார் முழங்காலையும் தொடவில்லை.

ஒரே ஆள்தான், ஒரே தண்ணீர்தான். ஒன்றைப் படிக்க ஆள் இருந்தது, இன்னொன்றைத் திருத்த ஆள் இருந்தது.

அந்த மெசேஜைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பக்கத்திலேயே அந்த நாட்களில் சுற்றிய ஒரு ஃபார்வர்டையும் எழுதினேன். "அவசரம் அவசரம், இன்று இரவு தண்ணீர் இரு மடங்காகும், அதிகாரபூர்வ தகவல், அனைவருக்கும் பகிரவும்" என்கிற வகை. எல்லோருக்கும் வந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வாட்ஸப் 2018இலேயே ஃபார்வர்டு என்ற அடையாளத்தைப் போடத் தொடங்கிவிட்டது. பல கை மாறியதற்கு இரட்டை அம்பு வரும், 2020 முதல் அதை ஒரு நேரத்தில் ஓர் ஆளுக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்ப முடியும். ஆனால் முதலில் எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பது வழியிலேயே உதிர்ந்துவிடும். "இன்று இரவு" என்பது எந்த இரவு? திங்கட்கிழமை எழுதியது வியாழக்கிழமையும் "இன்று இரவு" என்றே வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு வகுப்பு நன்றாகப் போனது. அந்த ஃபார்வர்டை நம்பத் தகுந்த மாதிரி மாற்றி எழுதுங்கள் என்றேன். முதலில் தேதி போட்டார்கள். அப்புறம் மணி. அப்புறம் "அதிகாரபூர்வ" என்பதை அடித்துவிட்டு "தாசில்தார் ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார்கள். "உன்கிட்ட சொன்னாரா, வேற யார்கிட்டயாவதா?" என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு ஒரு சண்டை. "பகிரவும்" என்பதை எடுத்துவிடலாமா என்று இன்னொரு சண்டை. செய்தி உண்மையாக இருந்தால் சொல்லாமலே பகிர்வார்கள், பொய்யனுக்குத்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன். கடைசியில் அந்த ஃபார்வர்டில் சொல்வதற்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. விவரம் கேட்டுக் கேட்டுப் போக, அது காலியாகிவிட்டது. பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் பாடம் நடத்தியிருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

கவனியுங்கள், இந்த வகுப்பில் யாரும் போனைக் கையில் எடுக்கவில்லை. யாருடைய அக்கவுண்டும் தேவைப்படவில்லை. போன் இல்லாத பிள்ளையும் மற்றவர்களுக்குச் சமமாகச் சண்டை போட்டது. சமூக ஊடகத்தை வகுப்புக்குள் கொண்டுவருவது என்றால் எனக்கு இதுதான். அவர்கள் அங்கே எழுதும் விதத்தை, அங்கே அவர்களுக்கு இருக்கும் வாசகரை, எடுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

துறையில் இதைச் சொன்னபோது, "பேரை மறைச்சு எழுதறது என்ன பழக்கம்? தைரியமா எழுதட்டும்" என்றார் அந்த மூத்தவர். எனக்கு உடனே புதுச்சேரிதான் ஞாபகம் வந்தது. பாரதி 1908இலிருந்து 1918 வரை அங்கே இருந்தார். பிரிட்டிஷ் உளவாளிகள் வீட்டு வாசலிலேயே திரிந்த காலம். அவர் ஷெல்லிதாசன் என்றும் காளிதாசன் என்றும் சக்திதாசன் என்றும் பல பெயர்களில் எழுதியவர். அவருடைய சீடர் கனகசுப்புரத்தினம் அரசுப் பள்ளித் தமிழாசிரியர். பாரதிதாசன் என்று ஊர் அறிவதற்கு முன்பும் அந்தப் பெயரோடும் அவர் பத்திரிகைகளில் வைத்துக்கொண்ட பெயர்களில் கிறுக்கன், கிண்டல்காரன் இரண்டும் உண்டு. இதை வகுப்பில் சொன்னதும் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள். "மேடம், கிண்டல்காரன் செம ஐடி மேடம்!" ஒரு தமிழ் வாத்தியார் ஃபேக் ஐடி வைத்திருந்தார் என்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாடத்தில் இருந்த அவருடைய கவிதையை அந்த வாரம்தான் ஒழுங்காகப் படித்தார்கள்.

இப்போது எங்கள் ஏற்பாடு இது. ஹேஷ்டேக் திட்டம் கட்டாயத்திலிருந்து விருப்பத்துக்கு இறங்கிவிட்டது. விருப்பம் என்றதும் அநேகமாக ஓய்ந்தும்விட்டது. என் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்கிறார்கள். தாளில் எழுதுகிறார்கள், முதல் வரிக்கு மேலே யாருக்கு எழுதுகிறோம் என்று ஒரு வரி போட வேண்டும்: "செக்போஸ்ட்டில் காத்திருக்கும் பெரியம்மாவுக்கு", "என்னை ஓட்டுகிறவனுக்கு", "பேங்க் மேனேஜருக்கு". தாள்கள் கை மாறும். எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சிலர் இடது கையால் எழுதுகிறார்கள், எனக்குத்தான் கண் போகிறது. மதிப்பெண் இறுதி வடிவத்துக்கு மட்டும், அதை மட்டும் சொந்தப் பேரில் தர வேண்டும். எது நன்றாக வந்ததோ அதை வெளியே போடுவதா வேண்டாமா என்பது எழுதியவர் இஷ்டம். சிலர் போடுகிறார்கள், எந்தப் பெயரில் என்று நான் கேட்பதில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எப்படியும் யாராவது கேட்பீர்கள். அசைன்மென்ட்டை இப்போது அதுதான் எழுதுகிறது. மறைக்க ஒன்றுமில்லை, எனக்கு வரும் அசைன்மென்ட்டுகளில் "பன்முகத்தன்மை கொண்ட" என்ற சொல் வராத தாளைக் காண்பது அரிது. ஆனால் நண்பனுக்குப் போகும் மெசேஜை, க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் போடும் ஸ்டோரியை, எவனும் அதனிடம் எழுதி வாங்குவதில்லை. கேட்டுப் பார்த்தேன். "அதுக்கு எதுக்கு மேடம், அது நானே சொல்றதுதான" என்றார்கள். எழுத்து வகுப்பை எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல குறிப்பு கிடைக்கவில்லை.

இது வரைக்கும் என்னோடு ஒத்துப்போகாத ஒரு மாணவி இருக்கிறாள். நெல்லிக்குப்பம் பக்கம். சொந்தப் பெயரிலேயே ஒரு கவிதைப் பக்கம் நடத்துகிறாள், முகத்தோடு ரீல்ஸ் போடுகிறாள், நல்ல கூட்டம் பின்தொடர்கிறது. நான் பொத்திப் பொத்தி வைக்கிறேன் என்பது அவள் குற்றச்சாட்டு. "மாமா பாப்பாரு, மாமா பாப்பாருன்னு இருந்தா மாமாவுக்கு எப்ப மேடம் பழகும்?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். வீட்டில் அவளுக்குத் துணை இருக்கிறது, எல்லோருக்கும் அது இல்லை என்று அப்புறம் சொன்னேன். அவளும் அதை ஒத்துக்கொண்டாள், முழு மனதோடு இல்லை.

அவளிடம் எனக்கே கற்றுக்கொள்ள இருக்கிறது. மூன்று விநாடிக்குள் ஆளை நிறுத்தாவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவளுடைய பாலபாடம். அதனால் அவள் எழுத்தில் முன்னுரை கிடையாது. "அப்பா இன்னைக்கும் வேலைக்குப் போகல" என்று ஒரு கவிதை தொடங்கும். பன்னிரண்டு ஆண்டு பள்ளிப்படிப்பு சொல்லிக்கொடுத்த "முன்னுரை" என்ற துணைத்தலைப்பை அவளிடமிருந்து ஒரு செயலி பிடுங்கி எறிந்துவிட்டது. முடிவில்தான் சொதப்புவாள். கடைசி வரி கைதட்டலுக்காக நிற்கும், அதற்கு முன் இருந்ததையெல்லாம் அது கெடுத்துவிடும். அதையும் அந்தச் செயலிதான் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்பது என் வாதம். அந்த வரிக்குத்தான் ஷேர் அதிகம் என்பது அவள் வாதம். இதில் நாங்கள் இன்னும் சண்டையில்தான் இருக்கிறோம்.

அடுத்த செமஸ்டரில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு முதல் வரி எழுதுவது பற்றி ஒரு வகுப்பு அவள் எடுக்கிறாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். வகுப்பை வீடியோ எடுத்து ரீல்ஸ் போடக் கூடாது, அது மட்டும்தான் என் நிபந்தனை. அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.